எங்கிருந்து வந்தது என்ற செய்தியோடு மூன்று எண்களையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஜூலை 1-ஆம் தேதி சிலி நாட்டின் ரியோ உர்த்தாடோவில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கி, சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த மூன்றாவது பொருளைக் கண்டுபிடித்தது. அன்றுமுதல் 3ஐ அட்லஸ் (3I/ATLAS) என்று பெயரிடப்பட்ட அதைப் பற்றிய செய்திகள் தமிழ் ஏடுகளில் வந்தபடியே இருக்கின்றன. வானியல் செய்திக்குத் தமிழில் இவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் பெரும்பாலான செய்திகள் "இது எங்கிருந்து வந்தது என்று விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை" என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. அந்த ஒரு வரியைத்தான் வெட்டியெடுத்து, கீழே பறக்கும் தட்டுப் படம் ஒன்றை ஒட்டி, புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றவிடுகிறார்கள். சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முதல் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் வரை அதைப் படித்துவிட்டுக் கேட்பது ஒரே கேள்விதான்: அது கல்லா, கப்பலா?

அந்த வரி பாதிதான் உண்மை. "எங்கிருந்து" என்ற சொல்லுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வெளியிலிருந்துதான் வந்ததா? எந்த விண்மீனிடமிருந்து வந்தது? எப்படிப்பட்ட இடத்தில் பிறந்தது? முதல் கேள்விக்குப் பதில் உறுதியாகத் தெரியும். இரண்டாவதற்குத் தெரியாது, ஏன் தெரியாது என்பது தெளிவாகத் தெரியும். மூன்றாவதற்கு ஓரளவு தெரியும், ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாகத் தெரிந்து வருகிறது. மூன்றையும் ஒரே "தெரியவில்லை"க்குள் போட்டு மூடினால் வதந்திக்கு வாசலைத் திறந்துவிட்ட மாதிரிதான்.

முதல் கேள்விக்கு வருவோம். இதற்கான கணக்கைக் கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டரிலேயே போடலாம். இரண்டு எண்கள் போதும். ஒன்று மையப்பிறழ்வு. பாதை எவ்வளவு விரிந்தது என்பதை இது காட்டும். 0 என்றால் வட்டம், 0-க்கும் 1-க்கும் இடையில் என்றால் நீள்வட்டம், 1-ஐத் தாண்டினால் அதிபரவளைவு, அதாவது ஒருமுறை வந்து திரும்பி வராத பாதை. மற்றொன்று அண்மைத் தூரம். அந்தப் பொருள் சூரியனுக்கு எவ்வளவு கிட்டே வருகிறது என்பதை வானியல் அலகில் சொல்வது. ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம், ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர்.

கணக்கு இதுதான். மையப்பிறழ்விலிருந்து 1-ஐக் கழியுங்கள். வந்ததை அண்மைத் தூரத்தால் வகுங்கள். அதற்கு வர்க்கமூலம் எடுங்கள். கடைசியாக 29.8-ஆல் பெருக்குங்கள். அந்த 29.8 என்பது பூமி சூரியனைச் சுற்றும் வேகம், விநாடிக்கு கிலோமீட்டரில். கிடைக்கும் விடை, அந்தப் பொருள் சூரியனின் இழுப்பு எட்டாத தொலைவில் இருந்தபோதே கொண்டிருந்த வேகம்.

3ஐ அட்லஸின் மையப்பிறழ்வு 6.14, அண்மைத் தூரம் 1.356. 1-ஐக் கழித்தால் 5.14, வகுத்தால் 3.79, வர்க்கமூலம் 1.947; பெருக்கினால் 58. ஆக, சூரியன் இழுக்கத் தொடங்குவதற்கு முன்பே விநாடிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தில் அது வந்துகொண்டிருந்தது. இதற்கு முன் வெளியிலிருந்து வந்த இரண்டில் முதலாவதான, 2017-இல் வந்த ஓமுவாமுவாவுக்கு 1.20, 0.256 என்று போட்டால் 26-க்குச் சற்று மேலே வரும். 2019-இல் வந்த போரிசோவ் வால்மீனுக்கு 3.36, 2.007 என்று போட்டால் 32.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. அண்மைத் தூரத்தை வானியல் அலகில் போடாமல் கிலோமீட்டரில் போட்டுவிடுவார்கள். விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வகுக்கும் முன்பே வர்க்கமூலத்தை அழுத்திவிடுவார்கள். 3ஐ அட்லஸுக்கு 58-க்குப் பதில் 50 என்று வரும். பார்க்க நியாயமான எண்ணாகத் தோன்றுவதால் இரண்டாவது தவறு எளிதில் கண்ணில் படாது.

மையப்பிறழ்வு 1-ஐத் தாண்டியதாலேயே வெளியிலிருந்து வந்தது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இதைப் பல செய்திகள் தவறவிடுகின்றன. 1980-இல் கண்டுபிடித்த போவெல் வால்மீனின் மையப்பிறழ்வு 1.057. அதே கணக்கைப் போட்டால் விநாடிக்கு 4 கிலோமீட்டர்கூட வராது. அது நம் சூரியக் குடும்பத்தின் விளிம்பில் இருக்கும் ஊர்ட் மேகத்திலிருந்து வந்த சொந்த வால்மீன்தான். 1980 டிசம்பரில் வியாழனுக்கு அருகே போனபோது, வியாழன் அதைத் தள்ளிவிட்டுப் போகும் பாதையை மாற்றியது. வரும்போது நம் வீட்டுப்பிள்ளை, போகும்போது நாடோடி. ஊர்ட் மேகத்திலிருந்து விழும் எதுவும் அங்கே கிட்டத்தட்ட நின்ற நிலையிலிருந்துதான் கிளம்புகிறது. வியாழன் தட்டினாலும் சில கிலோமீட்டர்தான் கூடும். 26, 32, 58 என்பவை அந்தக் கணக்கில் அடங்காத வேகங்கள். முதல் கேள்வியில் யாருக்கும் சந்தேகம் இல்லாததற்கு இதுதான் காரணம்.

போவெல் வால்மீனை வைத்து இன்னொன்றும் சொல்லிவிடலாம். இந்த நாடோடிகளை உருவாக்குபவை பெரும்பாலும் வியாழன் போன்ற ராட்சதக் கோள்களே. ஒரு விண்மீனைச் சுற்றிக் கோள்கள் உருவாகும் காலத்தில், மிச்சம்மீதியாகக் கிடக்கும் பனிக்கட்டிகளும் பாறைகளும் பெரிய கோளுக்கு அருகே போகும்போதெல்லாம் அதன் இழுப்பில் சுழற்றி எறியப்படுகின்றன. சில ஊர்ட் மேகம் போன்ற விளிம்பில் போய்த் தங்குகின்றன. எஞ்சியவை விண்மீனை விட்டே போய்விடுகின்றன. இன்னொரு விண்மீன் பக்கத்தில் கடந்துபோனாலும், விண்மீன் முதுமையில் தன் எடையை இழந்து வெள்ளைக் குள்ளனாகச் சுருங்கினாலும், விளிம்பில் இருப்பவை பிய்த்துக்கொண்டு போகும். வாயேஜர், பயனியர் விண்கலங்கள் சூரியக் குடும்பத்தை விட்டு வெளியேறும் பாதையில் போவதும் இதே வியாழன் கொடுத்த உந்துதலில்தான். நம் சூரியனும் தன் இளமையில் எண்ணற்ற துண்டுகளை வெளியே எறிந்திருக்கிறது. எங்கோ ஒரு விண்மீனுக்கு அவையும் இப்படி விருந்தாளியாகப் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாவது கேள்வி, எந்த விண்மீன் என்பது. ஓமுவாமுவா வந்தபோது, அது வேகா விண்மீன் இருக்கும் திசையிலிருந்து வந்தது என்று எல்லா ஏடுகளும் எழுதின. வேகா என்பது நம் பஞ்சாங்கம் சொல்லும் அபிஜித். திசை சரிதான், ஊர் சரியில்லை. விநாடிக்கு 26 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஒளியாண்டைக் கடக்க 11,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வேகா 25 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து வர ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள். 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வேகா அந்த இடத்திலேயே இல்லை. விண்மீன்களும் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன.

பிறகு ஏன் அந்தத் திசை? மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மழை நேராகத்தான் விழுகிறது. ஓட்டுபவருக்கு மட்டும் முகத்தில் வந்து அடிக்கிறது. நம் சூரியன் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் வேகா இருக்கும் பக்கமாகப் போகிறது. எதிரே அசைவின்றி மிதக்கும் பொருள்கூட நமக்கு அந்தப் பக்கமிருந்து வருவதாகத்தான் தெரியும். ஓமுவாமுவா நம்மைத் தேடி வந்தது என்பதைவிட, நாம்தான் அதை நோக்கிப் போனோம் என்பதே சரி. 3ஐ அட்லஸ் தனுசு மண்டலத்தின் பக்கமிருந்து வந்தது. பால்வெளியின் மையமும் அந்தப் பக்கம்தான் என்பதால் மையத்திலிருந்தே வந்தது என்று சிலர் எழுதிவிட்டார்கள். அதற்கும் ஆதாரம் இல்லை.

பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பிறந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். முயன்றார்கள். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் கையா விண்கலம் 2014 முதல் 2025 வரை ஏறக்குறைய 200 கோடி விண்மீன்களின் இடத்தை அளந்திருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்து, எந்த விண்மீன் எப்போது ஓமுவாமுவாவின் பாதைக்கு அருகே இருந்தது என்று தேடினார்கள். உறுதியாக ஒன்றும் சிக்கவில்லை. காரணம் எளிது. வேகத்தில் விநாடிக்கு 1 கிலோமீட்டர் பிழை இருந்தால் 10 லட்சம் ஆண்டுகளில் இடம் 3 ஒளியாண்டுக்கு மேல் தவறிப்போகும். அந்தத் தூரத்துக்குள் இன்னொரு விண்மீனே வந்துவிடும். 10 கோடி ஆண்டுகள் என்றால் கேட்கவே வேண்டாம். வழியில் வாயு மேகங்களின் இழுப்பு, மற்ற விண்மீன்களின் இழுப்பு, பால்வெளியின் சுருள் கரங்களின் இழுப்பு என்று எத்தனையோ. எத்தனை பெரிய தொலைநோக்கி வந்தாலும் 3ஐ அட்லஸின் தாய் விண்மீனின் பெயரை யாரும் சொல்லப்போவதில்லை என்றே நாங்கள் கருதுகிறோம்.

மூன்றாவது கேள்விதான் எங்களுக்குப் பிடித்தது. எங்கள் வட்டாரத்தில் இதைச் செம்பனை ஆலையை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். லாரி எடைபோட்டு முடித்து, குலைகளைக் கொட்டுகிறது. தரம் பார்ப்பவர் ஒரு குலையைப் புரட்டுகிறார். எந்தத் தோட்டத்தில், எந்த நிரையில், எந்த மரத்தில் வெட்டியது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஆனால் மூன்று நான்கு கிலோவில் சின்னதாக இருந்தால் இளமரத்துக் குலை, இருபது கிலோவைத் தாண்டிக் கனத்தால் வயதான மரத்துக் குலை என்பார். நிறத்தையும் உதிரி விட்டிருப்பதையும் பார்த்துக் காயா பழமா என்பார். மரத்தின் பெயர் தெரியாமலே மரத்தின் வயதும் குலையின் பக்குவமும் தெரிந்துவிடுகிறது. வானியலாளர் செய்வதும் இதுதான். அவருக்கு வேகம்தான் எடை, வாயுதான் நிறம்.

வேகம் எப்படி வயதைச் சொல்லும்? கோள் எறிந்த வேகம் சில கிலோமீட்டர்தான் என்று மேலே பார்த்தோம். ஆக, 58 கிலோமீட்டரில் பெரும்பகுதி எறிந்த வேகம் அல்ல. தாய் விண்மீனே நம் சூரியனுக்குக் குறுக்கே அந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. விண்மீன்கள் பிறக்கும்போது பால்வெளியின் மெல்லிய தட்டில் ஒழுங்காகச் சுற்றுகின்றன. நாள் ஆக ஆக, ராட்சத வாயு மேகங்களையும் சுருள் கரங்களையும் கடக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குலுக்கப்பட்டு, மேலும் கீழும் தாறுமாறாகப் போகத் தொடங்குகின்றன. மூத்த விண்மீன்கள் பல, தடித்த தட்டு என்று சொல்லப்படும் பரந்த பகுதியில் திரிகின்றன. அதனால் வேகம் கூடக் கூட, வயதான கூட்டத்தைச் சேர்ந்தது என்ற வாய்ப்பும் கூடுகிறது. ஓமுவாமுவா ஒப்பீட்டளவில் இளையது, 3ஐ அட்லஸ் மூத்தது என்ற மதிப்பீடு இப்படி வந்ததுதான். 3ஐ அட்லஸ் தடித்த தட்டிலிருந்து வந்திருந்தால் அதன் வயது 700 கோடி ஆண்டுகளுக்கும் மேல் இருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். நம் சூரியனுக்கு 460 கோடிதான். குலையின் எடையைப் போலவே இதுவும் வாய்ப்புக் கணக்கு, பிறப்புச் சான்றிதழ் அல்ல. செய்தியில் "இருக்கலாம்" என்ற சொல்லை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும்.

அடுத்து வாயு. ஒவ்வொரு பனிக்கட்டியும் ஒவ்வொரு குளிரில்தான் உறையும். தண்ணீர் எளிதில் உறையும், கரியமில வாயுவுக்கு இன்னும் குளிர் வேண்டும், கார்பன் மோனாக்சைடு உறைய வேண்டுமானால் மைனஸ் 240 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். ஆகவே வால்மீனிலிருந்து எது கூடுதலாக வெளிவருகிறது என்று பார்த்தால், தாய் விண்மீனிடமிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு குளிரில் அது திரண்டது என்று ஊகிக்கலாம். போரிசோவ் வால்மீனில் ஹபிள் விண்தொலைநோக்கியும் சிலியில் உள்ள அல்மா வானொலித் தொலைநோக்கியும் கார்பன் மோனாக்சைடை மிக அதிகமாகக் கண்டன. மிகக் குளிர்ந்த வெளிவட்டத்தில் திரண்டது என்பதற்கு அது சாட்சி. 3ஐ அட்லஸை 2025 ஆகஸ்ட் 6-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தபோது, தண்ணீரைப்போல ஏறக்குறைய 8 மடங்கு கரியமில வாயு வந்துகொண்டிருந்தது. இவ்வளவு உயர்ந்த விகிதம் வால்மீன்களில் மிகமிக அரிது.

அந்த 8 மடங்கை அப்படியே வால்மீனின் உடம்பில் இருக்கும் அளவாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அன்று அது சூரியனிலிருந்து 3.3 வானியல் அலகு தூரத்தில் இருந்தது. அந்தத் தூரத்தில் தண்ணீர்ப் பனிக்கட்டி இன்னும் சரியாக ஆவியாகத் தொடங்கியிருக்காது. கரியமில வாயுவோ முழுவீச்சில் வெளிவரும். விகிதம் ஓரளவு பெருத்துத் தெரியும். அதைக் கழித்துப் பார்த்தாலும், நம் வால்மீன்கள் அதே தூரத்தில் காட்டும் அளவைவிட அதிகம்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகள் விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும்போது காஸ்மிக் கதிர்கள் மேற்பரப்பைத் துளைத்து, கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாக மாற்றிவிடும். இந்தச் சிதைவு மேலிருந்து 15, 20 மீட்டர் ஆழம்வரை போயிருக்கலாம் என்கிறது ஒரு கணிப்பு. அப்படியானால் நாம் முகர்வது பிறந்த வீட்டு வாசனையா, வழிநெடுக ஒட்டிய வாசனையா என்ற கேள்வி வருகிறது. இதுதான் இப்போது நடக்கும் உண்மையான விவாதம். கப்பலா கல்லா என்பதல்ல.

கப்பல் பேச்சுக்கு ஊக்கம் கொடுத்த சில விவரங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். 3ஐ அட்லஸில் இரும்பு தென்படாமல் நிக்கல் ஆவி மட்டும் தெரிந்தது. இயற்கையில் அப்படி வராது, ஆலையில் செய்த உலோகம் என்று ஒரு காணொலி சுற்றியது. போரிசோவ் வால்மீனிலும் நிக்கல் ஆவி இருந்தது. நம் சொந்த வால்மீன்களிலும் நிக்கலும் இரும்பும் ஆவியாக இருப்பதை 2021-இல் வெளியிட்டிருக்கிறார்கள். நிக்கல் முந்திக்கொண்டு வருவதற்கு ஒரு விளக்கம் உண்டு. நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்த நிக்கல் கார்பனைல், நம் பூமியில் 43 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரும்பின் கார்பனைலுக்கு 103 டிகிரி வேண்டும். சூரியனுக்குத் தொலைவில் இருக்கும்போது எளிதில் ஆவியாவது முதலில் வரும், அவ்வளவுதான். சயனைடு வாயு இருப்பதாகப் பயமுறுத்தினார்கள். ஏறக்குறைய எல்லா வால்மீனிலும் அது உண்டு. 1910-இல் ஹேலி வால்மீனின் வாலைப் பூமி கடந்தபோது இதே பயத்தில் ஜனங்கள் மாத்திரை வாங்கித் தின்றார்கள். 3ஐ அட்லஸ் பூமிக்கு மிகக் கிட்டே வந்த 2025 டிசம்பர் 19-இல்கூட 27 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது, சூரியனைவிடத் தூரத்தில்.

ஓமுவாமுவா மட்டும் இன்னும் தீராத புதிர். அதை மறைக்க வேண்டியதில்லை. வால் இல்லை, வாயு மூட்டம் இல்லை; ஆனாலும் சூரியனின் இழுப்பால் மட்டும் விளக்க முடியாத ஒரு சின்னத் தள்ளல் அதன் பாதையில் இருந்ததை 2018-இல் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு தள்ளல்? பூமி இருக்கும் தூரத்தில் சூரியனின் இழுப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹைட்ரஜன் பனிக்கட்டி என்றார்கள். புளூட்டோவின் மேற்பரப்பில் இருப்பதுபோன்ற நைட்ரஜன் பனிக்கட்டியின் துண்டு என்றார்கள். கதிர்கள் பட்ட தண்ணீர்ப் பனிக்கட்டிக்குள் சிக்கிய ஹைட்ரஜன் சூட்டில் கசிந்தது என்று 2023-இல் ஒரு விளக்கம் வந்தது. ஒளியால் தள்ளப்படும் செயற்கைப் பாய் என்பதும் ஆய்விதழில் வந்த கருத்துதான். அமெரிக்காவின் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கி 2017 டிசம்பரில் காதுகொடுத்துக் கேட்டது; ஒன்றும் கேட்கவில்லை. புதிர் தீராததற்குக் காரணம் பொருளின் விசித்திரம் மட்டும் அல்ல, காலதாமதமும்தான். 2017 செப்டம்பர் 9-இல் அது சூரியனை நெருங்கித் திரும்பிவிட்டது. ஹவாயின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி கண்டுபிடித்ததோ அக்டோபர் 19-இல். 2018 ஜனவரித் தொடக்கத்தில் ஹபிளுக்கும் எட்டாமல் போய்விட்டது. இரண்டரை மாதம்தான் பார்க்க முடிந்தது. 3ஐ அட்லஸை அதன் அண்மை நாளான 2025 அக்டோபர் 29-க்கு நான்கு மாதம் முன்பே பிடித்ததால்தான் இத்தனை விவரம் கிடைத்தது.

இதனால்தான், எத்தனை நாள் பார்த்துச் சொன்ன கணக்கு என்பதையும் நாங்கள் மூன்றாவது எண்ணாகக் கேட்கிறோம். 2014 ஜனவரி 8-இல் பாப்புவா நியூகினிக்கு அருகே கடலில் விழுந்த எரிகல் ஒன்று வெளி விண்மீனிலிருந்து வந்தது என்று பெரிய செய்தியானது. அதைப் பார்த்தவை அமெரிக்க இராணுவச் செயற்கைக்கோள்களின் உணரிகள். பார்த்தது சில விநாடிகள். பிழை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டி அளந்திருந்தாலே நம் வீட்டுக் கல் வெளிக்கல்லாகிவிடும். அது விழுந்த இடத்தைக் குறிக்கப் பயன்படுத்திய நில அதிர்வுப் பதிவைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், அந்த அதிர்வு வந்த திசை நகர்ந்துகொண்டே போவதைக் கண்டார்கள். கருவிக்குப் பக்கத்துச் சாலையில் போன லாரியோடு அது பொருந்துகிறது என்று 2024-இல் சொன்னார்கள். 3ஐ அட்லஸ் போல மாதக்கணக்கில் பல தொலைநோக்கிகள் பார்த்த பொருளையும், சில விநாடி பார்த்த எரிகல்லையும் ஒரே தட்டில் வைத்து எழுதக் கூடாது.

இந்த வேலையில் நம் மக்களுக்கும் இடம் உண்டு. போரிசோவ் வால்மீனை 2019 ஆகஸ்ட் 30-இல் கண்டுபிடித்த கென்னடி போரிசோவ், தம் கையாலேயே செய்த 65 சென்டிமீட்டர் தொலைநோக்கியில்தான் பார்த்தார். புதிதாகக் கண்டுபிடிக்க அந்த அளவு வேண்டும் என்றாலும், பிறர் கண்டுபிடித்ததன் இடத்தை அளந்து உதவ 8 அங்குலக் கண்ணாடி போதும். குவியத் தூரம் 1,000 மில்லிமீட்டர், கேமராவின் ஒரு புள்ளி 3.76 மைக்ரான் என்றால், ஒரு புள்ளி வானத்தில் 0.78 வில்விநாடியைக் காட்டும் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி). 30 கோடி கிலோமீட்டர் தள்ளி, குறுக்காக விநாடிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் பொருள் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 2.5 வில்விநாடி நகரும். ஒரு நிமிடம் திறந்துவைத்தால் மூன்று புள்ளிக்கு இழுபடும், நடுவிடத்தை அளக்க முடியாது. 20 விநாடியாக 60 படம் எடுத்து, விண்மீன்களை விட்டுவிட்டு வால்மீனின் நகர்வுக்கு ஏற்பப் படங்களை நகர்த்தி அடுக்க வேண்டும். ஆஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருள் இதைச் செய்துதரும். 60-ஐயும் ஒன்றாக அடுக்காமல் இருபது இருபதாக மூன்று அடுக்குச் செய்தால் மூன்று அளவு கிடைக்கும். மூன்றும் ஒரே கோட்டில் வரவில்லையென்றால் ஏதோ பிசகு என்று உடனே தெரியும்.

பெரும்பாலும் பிசகுவது கடிகாரம். மடிக்கணினியின் நேரம் நாளுக்குச் சில விநாடி ஓடிவிடும். படம் எடுக்கும் முன் இணைய நேரத்தோடு சரிசெய்யாவிட்டால், எவ்வளவு கூர்மையான படமும் தவறான இடத்தைத்தான் சொல்லும். அடுத்த தொல்லை நம் அட்சரேகை. தொலைநோக்கித் தாங்கியைத் துருவ விண்மீனைப் பார்த்து நேர்ப்படுத்து என்று கையேடு சொல்லும். சுங்கை சிப்புட்டில் துருவ விண்மீன் தொடுவானத்துக்கு மேலே ஏறக்குறைய 5 டிகிரிதான். ஒரு செம்பனை மரம் போதும் அதை மறைக்க. பல தாங்கிகள் அவ்வளவு தாழ்வாகச் சாயவும் சாயாது. எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். விண்மீன்களைப் படமெடுத்துக் கணினியே திசையைக் கண்டுபிடிக்கும் முறைதான் நமக்குச் சரிப்படும். விடியலுக்கு முன் கிழக்கில் தாழ்வாக இருக்கும் பொருளை மலைத்தொடர் மறைக்கும். சற்று உயரும்வரை காத்திருக்க வேண்டும். பின்னிரவுப் பனி கண்ணாடியில் படிந்து, படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போகும். துடைத்தால் பூச்சு கீறிவிடும். சூடேற்றும் பட்டையைத் தொடக்கத்திலேயே சுற்றிவிடுவதுதான் வழி. ஆனால் இதே அட்சரேகையில் ஒரு பெரிய நன்மையும் இருக்கிறது. தென் துருவத்தை ஒட்டிய சிறு பகுதி தவிர, வானம் முழுவதும் நமக்குத் தெரியும். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இங்கிருந்து பிடிக்கலாம்.

அளந்ததை அனுப்ப வேண்டிய இடம் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் சிறுகோள் மையம். முதலில் நன்கு தெரிந்த சிறுகோள்களைக் குறைந்தது இரண்டு இரவு அளந்து அனுப்ப வேண்டும். அளவு சுத்தமாக இருந்தால் இடத்துக்கு ஒரு குறியீடு தருவார்கள். ஒரு தமிழ்ப்பள்ளித் திடலுக்கு அப்படியொரு குறியீடு கிடைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

இனி இந்த விருந்தாளிகள் அடிக்கடி செய்தியாவார்கள். சிலியின் செரோ பச்சோனில் 8.4 மீட்டர் கண்ணாடியும் 3,200 மெகாபிக்சல் கேமராவும் கொண்ட வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. பத்து ஆண்டுகளுக்குத் தென்வானத்தைச் சில இரவுகளுக்கு ஒருமுறை முழுவதும் படம் பிடிக்கப்போகிறது. ஓமுவாமுவாவை வைத்துப் போட்ட ஒரு கணக்குப்படி, நெப்டியூனின் சுற்றுப்பாதைக்குள் எந்த நேரமும் அதன் அளவுள்ள பொருள்கள் பத்தாயிரம் வரை இருக்கலாம். ஒன்றை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் இது பத்து மடங்கு கூடவும் குறையவும் இடமுண்டு. ரூபின் எத்தனை கண்டுபிடிக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த எண் திருந்தும்.

அதனால் ஆசிரியர் அவர்களே, எங்கள் கோரிக்கை இதுதான். அடுத்த விருந்தாளியைப் பற்றி எழுதும்போது, செய்திக்குப் பக்கத்தில் சின்னக் கட்டம் போட்டு மூன்று எண்களை அச்சிடுங்கள்: மையப்பிறழ்வு, அண்மைத் தூரம், எத்தனை நாள் பார்த்துக் கணக்கிட்டது. மூன்றும் நாசாவின் ஜேபிஎல் சிறுபொருள் தரவுத்தளத்தில் காசில்லாமல் கிடைக்கும். பொருளின் பெயரைத் தட்டினால் வரும் அட்டவணையில் 'இ' என்ற எழுத்துக்கு நேரே இருப்பது மையப்பிறழ்வு, 'க்யூ' என்ற எழுத்துக்கு நேரே இருப்பது அண்மைத் தூரம். பார்த்த நாள்களின் எண்ணிக்கை அதே பக்கத்தில் கீழே இருக்கும். கண்டுபிடித்த முதல் சில நாள்களில் இவை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், எந்தத் தேதியில் எடுத்த எண் என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். கட்டத்தின் அடியில் அந்த நான்கு வரிக் கணக்கையும் போட்டால், ஐந்தாம் படிவப் பிள்ளைகள் வேகத்தைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
இரவில் வானத்தைப் படமெடுத்து அளக்கும் வாசகர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.